என் வாழ்த்துப் பக்கம் பேட்டன்ட் கந்தோருக்குப் போன கதை

1

பாடசாலை ஆண்டு விழா மலர்க் குழுவிடமிருந்து இந்த வருடமும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "ஹாஜியார், வழமை போல உங்கள் வாழ்த்துப் பக்கம் ஒன்று தேவை." வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு கொடுத்து ஒரு பக்கம் எடுத்து, தங்கள் படத்தையும் பிள்ளைகளின் பட்டங்களையும் போட்டு, கீழே "மலர் மணம் பரப்ப வாழ்த்துகிறோம்" என்று எழுதுவது கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் அலவத்துகொடையில் பழகிப்போன விசயம். குவைத்திலிருந்து ஒருவர் அரைப் பக்கம் போட்டால், அடுத்த வருடம் கனடாவிலிருந்து இன்னொருவர் முழுப் பக்கம் போடுவார். வாழ்த்து யாருக்கு என்று கேட்காதீர்கள்.

நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. பணக் கஷ்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் என் பெயர் போட்ட மிளகுத் தூள் பக்கெட் இல்லாத ஆசியக் கடை ஒன்றைக் காட்டுங்கள், அதன் முன்னால் வந்து நின்று தலை குனிகிறேன். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவன். கம்பளைச் சந்தையில் மிளகு வாங்கி விற்றவன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் இங்கே வந்து, ஆங்கிலத்தில் "யெஸ்", "தேங்க்யூ" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு, இன்று பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் ஒரு மனிதரின் முன்னால் மட்டும் இதெல்லாம் எடுபடாது. அவர் என் மனைவி பரீதாவின் நானா, அதாவது அண்ணன், ஜவாத் மச்சான். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். ஊரை விட்டு ஒரு வருடம் கூட வெளியே இருந்ததில்லை. ஒருமுறை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இருவரும் ஒன்றாக பஸ் ஏறினோம். நிற்க இடமில்லாத கூட்டம். முன் கதிரையில் இருந்த இளைஞன் துள்ளி எழும்பி, "சேர், இரிங்க" என்றான். மச்சான் உட்கார்ந்தார். லண்டன் சப்பாத்தும் தோல் கோட்டும் போட்ட நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலவத்துகொடை வரைக்கும் நின்றேன். அந்தக் கதிரையை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

2

என் மகன் இர்ஃபான் கணினி படித்தவன். அவன் செய்த மென்பொருள் ஒன்றுக்கு பேட்டன்ட் எடுக்கப் போவதாகச் சொன்னான். நம் நாட்டு அரசாங்கத் தாளில் இதை ஆக்கவுரிமை என்று எழுதுவார்கள். ஒருவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், இத்தனை வருடத்துக்கு வேறு யாரும் அவன் சம்மதம் இல்லாமல் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் கொடுக்கும் காகிதம். ஆனால் புதிது என்று நாம் சொன்னால் போதாது. பேட்டன்ட் கந்தோர் என்ற அலுவலகத்தில் பரிசோதகர் ஒருவர் இருந்து, உலகத்தில் இதற்கு முன் எங்காவது வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்துத்தான் தருவார்.

"என்னத்த மகன் அப்பிடிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"ஒரு ஆஸ்பத்திரிய எடுங்க வாப்பா. ரத்தப் பரிசோதனை ஒரு பக்கத்தால வருது. மருந்து விவரம் இன்னொரு பக்கத்தால வருது. அங்க எழுதின பேரும் இங்க எழுதின பேரும் ஒரே ஆளா எண்டும் தெரியாது. இதெல்லாத்தயும் கழுவி, பிரிச்சி, சேர்த்து, டாக்டர்ட மேசைக்கு அனுப்புற வழி ஒண்டு வேணும். அதைக் கையால எழுதினா மாசக்கணக்குல போகும். என்ட மென்பொருள்ல திரையில வேலைக்கொரு பெட்டியா வச்சிக் கோடு இழுத்தா, வழி தானா உண்டாகும்."

"கோடு இழுக்கவா நாலு வருசம்?"

"கோடு எல்லாரும் இழுக்கிறாங்க வாப்பா. லட்சக்கணக்கான தகவல் வரிய ஓட்டிப் பார்க்க முந்தி, இது கொஞ்சத்த மட்டும் எடுத்து எல்லாப் பெட்டிக்குள்ளாலயும் அனுப்பும். எங்க அடைபடுது, எங்க கெட்டுப்போகுது எண்டு கோடு இழுக்கிற நேரமே காட்டும்."

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். "மகன், இது என்ட மிளகு! சாக்கு வாங்க முந்தி ஒரு பிடி எடுத்துத் தட்டுல போட்டு, ஊதி, சலிச்சி, கடிச்சிப் பார்த்துத்தானே நான் விலை சொன்ன? சின்ன வயசுல உனக்கு எத்தன தரம் சொல்லீக்கிறேன்!"

அவன் சிரித்தான். "சரி வாப்பா. உங்கட மிளகுதான்."

அவன் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னான். நான் அதை உறுதி எழுதித் தந்ததுபோல் எடுத்துக்கொண்டேன். பிறகு விண்ணப்பத்தைக் காட்டியபோது, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவனுடைய பெயர். பெற்ற மகனின் மேல் ஒரு தகப்பனுக்குப் பொறாமை வருமா என்று கேட்பீர்கள். வரும். எனக்கு வந்தது.

அதற்கு மேல் இன்னொன்று. அவன் இந்த மென்பொருளைப் பற்றி நாளுக்கு இரண்டு தரம் பேசிக்கொண்டிருந்தது கண்டியில் இருக்கும் நஸ்ரீனோடு. நஸ்ரீன் ஜவாத் மச்சானின் மகள், இர்ஃபானை விட மூத்தவள், அவனுக்கு அக்கா மாதிரி, கலியாணம் முடித்து ஒரு பிள்ளையின் தாய். கண்டியிலேயே ஒரு கணினிக் கம்பனியில் பெரிய பதவி. "ராத்தா, இதப் பாருங்க, ராத்தா, அதப் பாருங்க" என்று தொலைபேசியில் கத்திக் கத்திச் சிரிப்பான். நான் உள்ளே வந்தால், "ஒண்டுமில்ல வாப்பா, வேலை விசயம்." வேலை விசயம் என்றால் அதை எனக்குச் சொல்லக் கூடாதா? வேலை என்றால் என்ன என்று இந்த வீட்டுக்குக் காட்டியதே நான்தான்.

ஒன்று மட்டும் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னான். "விண்ணப்பம் குடுக்கிற வரைக்கும் யாருக்கிட்டயும் வாய் திறக்க வேணாம் வாப்பா. வெளிய வந்திட்டா புதுசு இல்ல எண்டு தள்ளிருவாங்க."

"என்ட வாய் பூட்டு" என்றேன்.

3

அந்த நேரம்தான் பாடசாலை ஆண்டு விழா. நான் ஊருக்குப் போயிருந்தேன். மலர் அடிக்கும் அச்சகம் கண்டியில், குட்ஷெட்டுக்குக் கிட்ட ஒரு மாடியில். என் வாழ்த்துப் பக்கத்தின் படத்தைக் கொடுக்கத்தான் ஏறினேன். பக்கம் அமைக்கும் ரியாஸ் என்பவர் திரையில் வேறொரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். முழுப் பக்கம். கலர். ஆங்கிலத்தில் கட்டுரை. நடுவில் கணினிக்கு முன்னால் நஸ்ரீன்.

"இது யார் போட்ட?"

"ஜவாத் சேர்ட மகள்ட. காசில்லாமப் போடச் சொல்லீக்கி குழு. ஊருக்குப் பெருமை தானே ஹாஜியார்."

காசில்லாமல்! நாங்கள் காசு கொடுத்துக் கறுப்பு வெள்ளையில் கிடக்கிறோம். அவர் மகளுக்கு ஊர் தானாகக் கலர் பூசுகிறது.

"எனக்கு ரெண்டு பக்கம் வேணும் தம்பி. கலர். அந்தப் பிள்ளைட பக்கத்துக்கு அடுத்ததா."

மகனின் திரையை நான் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன், எனக்காக, பார்த்து ரசிக்க. அதை எடுத்துக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல ரியாஸ் தட்டினார். முதலாவது, பெட்டிகளை வைத்தல். இரண்டாவது, கோடு இழுத்தல். மூன்றாவது, ஒரு பிடி எடுத்து எல்லாப் பெட்டிக்குள்ளாலும் விடுதல். நான்காவது, எந்தப் பெட்டியில் அடைபடுகிறது என்று சிவப்பில் காட்டுதல். இந்த யோசனை கம்பளைச் சந்தையில் மிளகு வாங்கிய தகப்பனிடமிருந்து வந்தது என்பதையும் மறக்கவில்லை.

"தம்பிட பேர இங்கிலீசுல போடவா ஹாஜியார்?"

"பெருசாப் போடு. இன்னும் பெருசா."

மகன் சொன்னது நினைவில் இல்லையா என்று கேட்டால், இருந்தது. இது தமிழ் மலர், அலவத்துகொடை மலர், இதை இங்கிலாந்தில் எவன் பார்க்கப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழா அன்று மேடையில் மச்சான் மலரைப் புரட்டினார். என் பக்கத்தில் கை நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, ஒலிவாங்கியில், "மாஷா அல்லாஹ், நம்மட மருமகன் இர்ஃபான் பெரிய விசயமெல்லாம் செஞ்சீக்கி" என்றார். அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தில் பொறாமை இருந்தது என்று இன்றைக்கும் சாதிப்பேன். மற்றவர்கள் இல்லை என்கிறார்கள்.

பதினொரு நாள் கழித்து, லெஸ்டரில், மகன் விண்ணப்பத்தைக் கொடுத்தான்.

4

பேட்டன்ட் கந்தோருக்குப் பொறுமை அதிகம். நம் ஊர் அரசாங்கக் கச்சேரியில் "நாளைக்கு வாங்க" என்பார்கள். இங்கே மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு ஒரு கடிதம் வரும். நிதானமான, மரியாதையான கடிதம். "மதிப்புக்குரிய ஐயா" என்று ஆரம்பித்து, உள்ளே கையை வெட்டும்.

பரிசோதகர் ஒரு பெண். முதல் கடிதத்தில் அவர் எழுதியது: வெறும் கணினி நிரலை இந்த நாட்டுச் சட்டம் கண்டுபிடிப்பாக ஏற்காது. இப்படி வழி கட்டும் மென்பொருள் எத்தனையோ உண்டு. இதனால் இயந்திரத்துக்கு என்ன நன்மை? மகன் இரண்டு வாரம் அந்தக் கடிதத்தோடேயே சாப்பிட்டான். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில், உம்ராவுக்குப் போன நான் சவூதியிலிருந்து அவனுக்கு எழுதிய கடிதத்தை ஒரு தரமாவது அப்படிப் படித்திருப்பானா? அந்த முன்பின் தெரியாத பெண்ணின் ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு போட்டான். இயந்திரம் முழு மூட்டையையும் ஓட்டத் தேவையில்லை, அதன் வேலையும் நினைவகமும் இவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்கோடு பதில் எழுதினான். அதை அவர் ஏற்றுக்கொண்டார். வீட்டில் இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தோம். ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் கொடுக்கும் கம்பனி ஒன்று, பேட்டன்ட் கிடைத்தால் மென்பொருளை எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தது. அவனுடைய நாலு வருடமும் அந்த "கிடைத்தால்" என்ற சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கடிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்கு முன்னால், மேசைக்கு வந்தது. வந்தது என்றால், மகன் தன் கணினியைக் கொண்டுவந்து கறிக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"வாப்பா, இது நீங்கதானே?"

திரையில் தொப்பி போட்டுக்கொண்டு நான் சிரித்தேன். நாற்பத்தாறாம் பக்கம். பக்கத்தில் நாற்பத்தேழு. பரிசோதகர் கண்டுபிடித்தவரின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடியிருக்கிறார். குழு மலரை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. நான் "இன்னும் பெருசா" போடச் சொன்ன பெயர் அவருக்கு நேரே போய் நின்றிருக்கிறது. தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் படத்தில் பெட்டிகளின் பெயரெல்லாம் ஆங்கிலம். விழாத் தேதி மேலே கொட்டை எழுத்தில். விண்ணப்பத்துக்குப் பதினொரு நாள் முந்தி. ஆகவே இது புதிது அல்ல.

"வெளிய சொல்ல வேணாம் எண்டு சொன்னேன்தானே வாப்பா." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "அமெரிக்காவுல எண்டா கண்டுபிடிச்ச ஆள்ட பக்கத்தால வெளிய வந்தா ஒரு வருசம் தவணை ஈக்கி. இங்க ஒரு நாளும் இல்ல."

உடனே எனக்கு அமெரிக்காவில் குடியேறியவர்கள் எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. என்ன பாக்கியம் செய்தவர்கள், வாயைத் திறந்தாலும் ஒரு வருடம் மன்னிக்கும் நாடு!

பரீதா சோற்றைப் போட்டபடி, "பூட்டு எண்டு சொன்னீங்களே, தொறப்பு யார்ட கையில ஈந்திச்சி?" என்றாள்.

அதற்குப் பிறகு மகன் எனக்கு ஸலாம் மட்டும் சொன்னான். பதில் அனுப்ப அந்தக் கந்தோர் கொடுத்த காலம் கரைந்துகொண்டிருந்தது.

5

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சாமானில் பிழை வந்தால் ஆளைப் போய் நேரே பார்க்க வேண்டும். காணி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஊருக்குப் பறந்தேன். மலர்க் குழுவின் தலைவர் யார்? ஜவாத் மச்சான்தான். அவரிடம் போய் ஒன்று கேட்பதை விட முள்ளை விழுங்கலாம். ஆனாலும் போனேன்.

இஞ்சித் தேத்தண்ணி வந்தது. நான் வளைக்காமல் சொன்னேன். "மச்சான், ஒரு சின்ன லெட்டர். மலர் விழா அண்டைக்கு வரல்ல, அச்சுல பிழை, ஒரு மாசத்தால பிறகுதான் வெளிய வந்த எண்டு, குழுட முத்திரையோட."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். "விழாவுக்கு எத்தன பேர் வந்த?"

"ஐநூறு பேர் ஈக்கும்."

"அந்த ஐநூறு பேர்ட கையிலயும் என்ன ஈந்திச்சி?"

மச்சான் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நான் எத்தன பிள்ளைகள்ட சேட்டிபிகட்டுல கையெழுத்து வச்ச மனுசன். ஒரு பொய்க்கு வச்சா, வச்ச அத்தனையும் சந்தேகம். மாட்டேன் மச்சான். வேற என்ன வேணும் எண்டாலும் கேளுங்க."

வேற என்ன வேணும் என்றாலும்! அவருக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது, அந்த "மாட்டேன்." என் வாழ்க்கையில் நான் யாருக்கும் அப்படி மெதுவாக மாட்டேன் சொன்னதில்லை. அதிலும் பொறாமை.

"உங்கட மகளுக்கு கலர்ல ஒரு பக்கம் போடாட்டி, நான் ரெண்டு பக்கம் போட்டீக்க மாட்டேன்!" என்று வெடித்துவிட்டேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

"அப்ப என்ட பிழையா?" என்றார் மச்சான். கோபமில்லை. உண்மையாகவே கேட்டார்.

அன்று தகப்பன் வீட்டுக்கு வந்திருந்த நஸ்ரீன் உள்ளே இருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "மாமா, அந்த ரெண்டு பக்கத்தையும் நீங்க ஒழுங்கா வாசிச்சீங்களா?"

"எழுதினவனே நான்."

அவள் அலுமாரியைத் திறந்து மலரை எடுத்தாள். இர்ஃபான் அனுப்பியிருந்த விண்ணப்பத்தைத் தன் தொலைபேசியில் திறந்து பக்கத்தில் வைத்தாள். விடைத்தாள் திருத்துகிற மாதிரி விரலால் வரி வரியாகப் போனாள். தகப்பனின் அதே விரல்.

"மூன்றாவது, ஒரு பிடி எடுத்தல். எந்தப் பிடி மாமா?"

"எந்தப் பிடியோ. கை போற இடத்துல."

"மிளகுக்கு அது சரி. இங்க கண்ண மூடி ஒரு பிடி எடுத்தா, சில பெட்டிக்கு ஒண்டுமே வந்து சேராது. அந்தப் பெட்டி கெட்டீக்கா, நல்லாயீக்கா எண்டு தெரியாமலே போகும். இர்ஃபான் கடைசிப் பெட்டியில தொடங்கி பின்னுக்கு நடந்து வாறான். ஒவ்வொரு வழிக்கும் எப்பிடிப்பட்ட வரி வேணும் எண்டு பார்த்துக்கொண்டே வந்து, அதுக்குத் தக்கதா மட்டும்தான் அள்ளுறான். இதப்பத்தி உங்கட பக்கத்துல ஒரு சொல் இல்ல. படத்துலயும் இல்ல."

"நான் அதப் போடல்லயா?"

"உங்களுக்கு அது விளங்கல்ல மாமா. அல்ஹம்துலில்லாஹ்."

மச்சான் சிரிப்பை அடக்கத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்தார். எனக்குத் தெரியாதா?

அங்கேயே மகனை அழைத்தாள். அவன் என் குரலைக் கேட்டு, "வாப்பா, காணி பார்க்கவா போன?" என்றான். நான் லெட்டர் விசயத்தைச் சொன்னேன்.

"லெட்டர எடுத்தீங்களா?"

"உன்ட மாமா தரமாட்டாராம்."

"அல்லாஹ் காப்பாத்தினான்" என்றான். "அது பொய் எண்டு ஒரு நாள் பிடிபட்டா, பேட்டன்டும் இல்ல, நானும் இல்ல."

6

என் இரண்டு பக்கத்தையும் நஸ்ரீன் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்துக்கு மாற்றினாள். மலர் விழா அன்றே வெளிவந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். என் மிளகு, என் சாக்கு, என் கம்பளைச் சந்தை எல்லாம் ஆங்கிலத்தில் பேட்டன்ட் கந்தோருக்குப் போனது. எட்டாம் வகுப்புக்காரனின் தமிழ் இன்று இங்கிலாந்து அரசாங்கத்தின் ஆவணக் கோவையில் இலக்கமிட்டு இருக்கிறது. ஜவாத் மச்சானின் தமிழ் அங்கே இல்லை. இதை யாரும் மறுக்க முடியாது.

மகன் தன் உரிமையைச் சுருக்கி எழுதிக் கொடுத்தான். ஒரு பிடி எடுத்துப் பார்ப்பதை இனி யாரும் செய்யலாம். அதை உலகத்துக்குத் தானம் கொடுத்தவன் நான். பின்னுக்கு நடந்து வந்து அள்ளும் விதம் மட்டும் அவனுடையது. பரிசோதகர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு பேட்டன்ட் கிடைத்தது. கம்பனிக்காரர்கள் எதிர்பார்த்ததை விடச் சின்னது என்று முகத்தைச் சுருக்கினார்கள். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். அதாவது, எனக்கு விளங்கியதெல்லாம் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. எனக்கு விளங்காத துண்டுதான் என் மகனுக்கு மிஞ்சியது.

காகிதத்தை என் கையில் கொடுத்து, "இனி யாருக்கு வேணும் எண்டாலும் சொல்லலாம் வாப்பா" என்றான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் சொன்னேன். நாலு பேர் கூடினார்கள். அதில் ஒருவர், "அப்பிடி என்னதான் புதுசு ஹாஜியார்?" என்று கேட்டார். என் வாய் திறந்தபடி நின்றது.

மகனிடம் கேட்டேன். பாதி ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நஸ்ரீன் ராத்தாக்கு ஃபோன் எடுங்க வாப்பா. அவ நல்லா விளங்கப்படுத்துவா" என்றான். தன் தகப்பனை அந்த வீட்டுக்கே அனுப்புகிறான்.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் எடுத்தேன்.

"பேனையும் தாளும் எடுங்க மாமா" என்றாள். "பெட்டி அஞ்சு கீறுங்க."

பின்னால் மச்சானின் குரல் கேட்டது. "மெதுவாச் சொல்லு மகள். மாமாவ அவசரப்படுத்தாத." வகுப்பில் பின் வாங்கில் உட்காரும் பிள்ளைக்காகப் பேசும் அதிபரின் குரல். அந்தப் பரிவை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். தொலைபேசியை வைத்துவிடத்தான் விரல் போனது.

"கடைசிப் பெட்டியைக் கீறிட்டீங்களா மாமா?"

கீறியிருந்தேன்.